பட்டப்பகல் தூக்கம்

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டம்பர் ஓட்டும் ராஜதுரைக்கு, எந்த விஷயத்தையும் கேட்டுத் தெளிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது. அறுபது டன் கல்லைச் சுமந்துகொண்டு மேடேறும் அந்த வண்டியில் ஒரு சிறு விளக்கு எரிந்தால் போதும். அது ஏன் எரிகிறது, எரியும்போதே ஓட்டினால் எத்தனை தூரம் ஓடும், எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் போனால் என்ன ஆகும் என்று பழுது பார்ப்பவர்களைத் துளைத்து எடுத்துவிடுவார். ஆலத்தியூரை ஒட்டிய சிமென்ட் ஆலையில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கும் அவருக்கு, உடன் பணிபுரிபவர்கள் 'கேள்வி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவரும் அதைப் பட்டம் போலவே ஏற்றுக்கொண்டிருந்தார்.

அத்தகையவருக்கு, ஆவணி மாதத்துக் காலை ஒன்றில், ஆலையின் மருத்துவ மையத்தில் முதல் கேள்வி எழுவதற்கே சற்று நேரம் பிடித்தது. ஆண்டுதோறும் நடக்கும் உடல் தகுதிப் பரிசோதனை அன்று. அவருடைய கையில் சுற்றியிருந்த இரத்த அழுத்தப் பட்டையை அவிழ்த்தபடியே மருத்துவர் தென்றல் சொன்னார்: "மேல நூத்தி அறுபத்தெட்டு, கீழ நூத்தி நாலு."

"மெஷின் பழசுங்களா மேடம்?"

"மூணு தடவ பாத்தாச்சு ராஜதுரை. ரெண்டு மெஷின்லயும் பாத்தாச்சு."

"வரிசையில நிக்கும்போது இந்த ஜெயப்பிரகாஷ் வம்பிழுத்தான் மேடம். அதுல ஏறியிருக்குமோ?"

தென்றல் சிரித்தாலும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "மாத்திரை எழுதுறேன். விடாம சாப்பிடுங்க. உப்பக் குறைங்க, தெனமும் நடங்க. வாரம் ஒரு தடவ இங்க வந்து காட்டுங்க. மூணு மாசம் பாப்பேன். மேல நூத்தி நாப்பது, கீழ தொண்ணூறு, அதுக்குள்ள வந்தாத்தான் உங்கள டம்பர்ல ஏத்த நான் கையெழுத்துப் போட முடியும்."

"வரலன்னா மேடம்?"

"வேலை போகாது. எடைமேடையிலயோ ஸ்டோர்லயோ உக்கார வைப்பாங்க."

உட்கார வைப்பார்கள் என்ற சொல், ராஜதுரையின் காதில் படுக்க வைப்பார்கள் என்பது போலவே விழுந்தது. அவருடைய தெருவில் முதன்முதலாக டம்பரின் இரும்பேணியில் கால் வைத்தவர் அவர். அதோடு மூன்று ஏக்கர் மக்காச்சோளக் கொல்லையையும் கைவிடாமல் பார்த்துக்கொண்டார். 'ராத்திரி டம்பர், பகல்ல கொல்லை, அவன் மனுசனா மெஷினா' என்று ஊரார் சொல்லும்போது காதில் விழாதவர் போல நடப்பார். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்பதற்காகவே அந்த வழியாக நடப்பார். ஏழாம் எண் டம்பரின் இருக்கையில் வேறொருவர் அமர்ந்திருக்க, தாம் எடைமேடையின் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து அதைப் பார்ப்பதாக நினைத்தபடியே, மருந்துச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மேகலாவிடம் விஷயத்தைச் சொன்னார். மேகலா ஆண்டிமடத்துப் பெண்; பிறந்த வீட்டிலிருந்து மாதந்தோறும் உப்புப் போட்டு வறுத்த முந்திரி வந்துகொண்டிருந்தது. மறுநாளே தம்பிக்குத் தொலைபேசியில் சொல்லி அதை நிறுத்தினார். ஊறுகாய் ஜாடி பரண் ஏறியது. கருவாடு சமையலறையை விட்டு வெளியேறியது. அப்பளமும் வடகமும் விருந்தாளிகளுக்கு மட்டும் என்றாயின.

"சாம்பார்ல உப்பு பத்தலயே" என்று ராஜதுரை முதல் வாரம் முனகினார்.

"டம்பர் வேணுமா, உப்பு வேணுமா? ஒண்ணச் சொல்லுங்க, போடுறேன்" என்றார் மேகலா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

ராஜதுரை பெரம்பலூருக்குச் சென்று, பேருந்து நிலையத்துக்கு எதிரில் மருந்துக்கடை வைத்திருக்கும் கிருஷ்ணமூர்த்தியிடம் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி வந்தார். கூடவே ஒரு நோட்டு. காலை, மாலை இரு வேளையும் அளந்து எழுதினார். ஏரிக்கரையில் நடக்கத் தொடங்கினார். மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை. ஐந்து வாரம் கடந்தது. எண்கள் இறங்கத்தான் செய்தன. ஆனால் சண்டைக்காரரைப் போல இறங்கின. நூற்று நாற்பத்தாறு என்று ஒரு நாள் காட்டி ஆசை கொடுக்கும். நான்கு நாள் கழித்து நூற்று அறுபதில் போய் நின்றுகொள்ளும்.

வேறு யாராக இருந்தாலும் விதியை நொந்திருப்பார்கள். ராஜதுரைக்கோ மண்டை குடையத் தொடங்கிவிட்டது. ஏன்?

முதலில் கருவியின் மேல் சந்தேகம் விழுந்தது. அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பெரம்பலூர் போனார்.

"நல்ல கம்பெனி சார், தப்பே காட்டாது" என்ற கிருஷ்ணமூர்த்தி, நிரூபிப்பதற்காகத் தம் கையிலேயே பட்டையைச் சுற்றிக்கொண்டார். நூற்று ஐம்பத்து நான்கு. அவருடைய முகம் மாறியது. "நீங்க சொல்றது சரிதான். கோளாறா இருக்கு" என்று சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து புதிய கருவி ஒன்றைப் பிரித்தார். அது நூற்று ஐம்பத்தைந்து காட்டியது. கிருஷ்ணமூர்த்தி நாற்காலியில் அமர்ந்தார்.

"பயப்படாதீங்க. மொதல்ல ஊறுகாய நிறுத்துங்க" என்று ராஜதுரை அவருக்குத் தைரியம் சொல்லிவிட்டு, குறையில்லாத கருவியோடு ஊர் திரும்பினார்.

அடுத்ததாகத் தண்ணீர். சுண்ணாம்புப் பூமியின் ஆழ்துளைக் கிணற்று நீர் என்பதால் ஒரு வாரம் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தார். மாற்றமில்லை. அதற்கடுத்து, கேன்டீன் தேநீரை நிறுத்தினார். தலைவலி வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. பிறகு ஒரு வாரம் முழுவதும் ஜெயப்பிரகாஷுடன் வாக்குவாதம் செய்யாமல் இருந்து பார்த்தார். ஜெயப்பிரகாஷ் எட்டாம் எண் டம்பரின் ஓட்டுநர். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தோழர்.

"என்ன மாப்ள, வாயே தெறக்க மாட்டேங்குற? பொண்டாட்டி கூடச் சண்டையா?"

"டெஸ்ட்டு நடக்குது. பேசாத."

"என்ன டெஸ்ட்டு?"

"ஒன்னோட பேசாம இருந்தா பிரஷர் எறங்குதான்னு."

"எறங்குச்சா?"

"இல்ல."

"அப்ப நான் நல்லவன்தான்னு ஊரெல்லாம் சொல்லு" என்று ஜெயப்பிரகாஷ் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

நோட்டைப் புரட்டிப் பார்த்ததில் ஒன்று மட்டும் தெளிவாயிற்று. காலை ஆறு மணிக்குத் தொடங்கும் ஏ ஷிஃப்ட் வாரங்களில் எண் இறங்குகிறது; இரவு பத்து மணிக்குத் தொடங்கும் சி ஷிஃப்ட் வாரங்களில் ஏறுகிறது. இதுதான் அவருக்கு விளங்கவே இல்லை. ஏனென்றால், அவர் அதிகமாக உழைப்பதும் நடப்பதும் சி ஷிஃப்ட் வாரங்களில்தான். காலை ஆறு மணிக்கு வேலை முடிந்தால், ஏரிக்கரையை இரண்டு சுற்று நடந்துவிட்டு, நேரே கொல்லைக்குப் போய்விடுவார். மும்முனை மின்சாரம் பகலில்தான் வரும். மோட்டார் போட்டு நீர் பாய்ச்ச வேண்டும், களை பார்க்க வேண்டும், புழுவுக்கு மருந்தடிக்க வேண்டும். மூன்று மணிக்கு வந்து ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால் அதுவே அதிகம். அந்தப் பக்கத்தில் நிலமும் ஆலை வேலையும் ஒருங்கே வைத்திருக்கும் யாருக்கும் இது புதிதல்ல. இரவு வேலை என்றால் பகல் மிச்சம் என்று கணக்குப் போட்டு, அதைக் கேட்டு வாங்குவார்கள்; விதைப்புக் காலத்தில் அதற்குப் போட்டியே நடக்கும்.

அதிகம் வியர்வை சிந்தும் வாரத்தில் அதிகம் ஏறுகிறதென்றால், நடைதான் கெடுக்கிறதோ? இப்படி ஒரு விபரீதச் சந்தேகம் அவருக்கு எழுந்த நேரத்தில், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

அது ஒரு சி ஷிஃப்ட் வாரத்துப் புதன்கிழமை. காலையில் வேலை முடிந்து வரும்போதே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஏரிக்கரையில் கால் வைக்க முடியாது. கொல்லையில் முழங்கால் அளவு சேறு. மின்சாரமும் இல்லை. வேறு வழியின்றிப் பாயை விரித்துப் படுத்தவர், எழுந்தபோது பிற்பகல் இரண்டரை. ஒரு வேலையும் பார்க்காமல் ஒரு பகலைத் தொலைத்துவிட்டோமே என்ற குற்ற உணர்வோடு கருவியைக் கையில் மாட்டினார்.

நூற்று முப்பத்தெட்டு. கீழே எண்பத்தெட்டு.

"மேகலா! இங்க வா. இத நீ பாரு, எனக்குக் கண்ணு தெரியலபோல இருக்கு."

மேகலா வந்து பார்த்தார். "கொறஞ்சிருக்கே. நல்லதுதான?"

"நல்லது இருக்கட்டும். ஏன் கொறஞ்சிச்சு? நடக்கல. வேல செய்யல. ஒரு புண்ணியமும் பண்ணல."

"மழையில குளுந்துருக்கும்" என்று சொல்லிவிட்டு மேகலா அடுப்படிக்குப் போனார்.

ராஜதுரை அதை விடுவதாக இல்லை. மறுநாள் நடையை மட்டும் நிறுத்தி, கொல்லைக்குப் போனார்: நூற்று ஐம்பத்தாறு. அதற்கு மறுநாள் மழை தூறியது. நடந்தார், கொல்லைக்கும் போனார்: நூற்று ஐம்பத்தெட்டு. ஆகவே, நடையும் காரணமில்லை, மழையும் காரணமில்லை. நோட்டில் அந்தப் புதன்கிழமைக்கு எதிரே என்ன எழுதலாம் என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தவர், கடைசியில் 'தூங்கினேன்' என்று எழுதினார். எழுதிய பிறகு அந்தச் சொல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் இருந்த பக்கங்களில் உப்பு, தண்ணீர், தேநீர், நடை, சண்டை எல்லாம் இருந்தன. தூக்கம் என்று ஒரு வரிகூட இல்லை.

அந்த வாரம் மருத்துவ மையத்துக்குச் சென்றபோது நோட்டை மருத்துவர் முன் விரித்து வைத்தார். "மேடம், ஒரு சந்தேகம். தப்பா நெனைக்காதீங்க. தூங்குனா பிரஷர் கொறையுமா?"

தென்றல் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "சி ஷிஃப்ட் வாரத்துல எவ்வளவு நேரம் தூங்குறீங்க?"

"ஒரு மணி நேரம். சில நாள் ஒன்றரை."

மருத்துவரின் பேனா நின்றது. "எத்தன வருசமா?"

"பதினோரு வருசமா மேடம். எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான்."

"கொறையும் ராஜதுரை. தூங்கும்போதுதான் அது எறங்கி ஓய்வெடுக்கும். நீங்க அதுக்கு நேரமே குடுக்கல." பிறகு அவர் சற்று வருத்தத்தோடு சொன்னார்: "நான்தான் மொதல் நாளே கேட்டிருக்கணும். உப்பையும் நடையையும் சொல்லிட்டு இத விட்டுட்டேன்."

அடுத்த வாரமும் அவர் கேட்டு வாங்கிய சி ஷிஃப்ட்தான் என்பதால், மறுநாள் முதல் பகலில் தூங்குவதென்று முடிவாயிற்று. நேர அட்டவணை கூட எழுதினார்: அதிகாலை மூன்றுக்குப் பிறகு தேநீர் இல்லை, நள்ளிரவுப் பரோட்டாவுக்குப் பதில் வீட்டிலிருந்து இட்லி, வந்ததும் ஒரு சொம்பு கம்பங்கூழ், எட்டு மணிக்குப் படுக்கை, மூன்று மணிக்கு எழுந்து, வெயில் தாழ்ந்த பிறகு நடை. எழுதுவதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால், அந்தத் தெருவில் பட்டப்பகலில் ஓர் ஆண்மகன் படுத்திருந்தால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் உண்டு: ஒன்று குடி, இன்னொன்று நோய். ராஜதுரை குடிக்க மாட்டார் என்பது ஊரறிந்த உண்மை.

முதல் நாள் ஒன்பது மணிக்கு எதிர்வீட்டு உண்ணாமலை அத்தை எட்டிப் பார்த்தார். "என்னடி மேகலா, தம்பி படுத்துருக்கு? காச்சலா?"

"இல்லத்த, நைட் ஷிஃப்ட்டு. தூங்குறாங்க."

"பதினோரு வருசமா இல்லாத நைட் ஷிஃப்ட்டா? மறைக்காதடி."

பதினோரு மணிக்குப் பெரியப்பா அங்கமுத்து ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் நான்கு சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு, நோயாளியைப் பார்க்கும் முறைப்படி வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருப்பாரா? தோளைத் தட்டி எழுப்பினார். "ராஜதொர... டேய் ராஜதொர... எழுந்திரிக்காத, படுத்துக்க, படுத்துக்க. எங்கடா வலிக்குது?"

"எங்கயும் வலிக்கல பெரியப்பா."

"வலிக்காத நோவுதான்டா பயங்கரம்" என்று அங்கமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான்கு நாட்களில் வீட்டில் ஏழு ரொட்டிப் பாக்கெட்டும், கூடை நிறையச் சாத்துக்குடியும், இரண்டு சத்துமாவு டப்பாவும் சேர்ந்தன. ராஜதுரை தூங்கத் தூங்க விசாரிப்போர் கூடினர். விசாரிப்போர் கூடக் கூடத் தூக்கம் குறைந்தது. நோட்டில் நூற்று அறுபத்திரண்டு என்று எழுதும்போது அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பரிசோதனைக்கு ஒரு மாதமே இருந்தது.

மேகலாவுக்குத்தான் அந்த யோசனை தோன்றியது. அடுத்த சி ஷிஃப்ட் வாரம் வந்ததும், கணவரை உள்ளே படுக்கச் சொல்லி, சன்னல்களைச் சாத்தி, வாசல் கதவை வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தாமே கொல்லைக்குப் புறப்பட்டார். "புருசனும் பொண்டாட்டியும் கொல்லைக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சுக்கட்டும்" என்றார். வீட்டின் பின்பக்கக் கதவின் தாழ்ப்பாள் துருவேறி வெகுநாட்களாகத் திறப்பதில்லை. அவசரத்துக்கு அலைபேசி இருந்தது.

மூன்று நாட்கள் ராஜதுரை செத்தவரைப் போலத் தூங்கினார். நூற்று நாற்பத்து நான்கு. நூற்று நாற்பத்தொன்று. நூற்று முப்பத்தொன்பது. பசி சரியான நேரத்துக்கு எடுத்தது. மாலை நடையில் மூச்சு வாங்கவில்லை. வெகு நாட்களாகக் கண்ணுக்குப் பின்னால் இருந்துகொண்டே இருந்த ஒரு கனம் இப்போது இல்லை என்பதை, அது போன பிறகுதான் அவர் உணர்ந்தார்.

நான்காம் நாள் பத்தரை மணிக்கு வாசற்படியில் பேச்சுக்குரல் கேட்டு விழிப்பு வந்தது. அங்கமுத்துவும் உண்ணாமலை அத்தையும் நிழலுக்காக அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

"பூட்டியிருக்கு. கொல்லைக்குப் போயிட்டான் போல. உடம்பு தேவலாம்னு அர்த்தம்" என்றது அங்கமுத்துவின் குரல். "அவனாட்டம் ஒருத்தன் உண்டா சொல்லு. ராத்திரியெல்லாம் அந்தப் பெரிய வண்டி. விடிஞ்சா மம்பட்டி. பகல்ல அவன் முதுகு தரையில பட்டுப் பாத்துருக்கியா நீ?"

"எங்க பாத்தேன்? எங்க வூட்டு ஆளும் இருக்காரே, சோறு தின்னா பாயத் தேடுவாரு."

உள்ளே, முதுகு தரையில் படப் படுத்திருந்த ராஜதுரைக்கு உடம்பெல்லாம் கூசியது. எந்த வார்த்தையைக் கேட்பதற்காக அவர் வழி மாறி நடப்பாரோ, அதே வார்த்தை இப்போது கதவுக்கு அந்தப் பக்கத்தில் அவருக்காகக் காத்திருந்தது. பூட்டை உடைத்துக்கொண்டாவது மண்வெட்டியோடு ஓடிவிடலாமா என்றிருந்தது. பதினோரு ஆண்டுகளாகத் தம்மைப் பகலில் படுக்கவிடாமல் வைத்திருந்தது மக்காச்சோளம் மட்டும்தானா என்று ஒரு கேள்வி எழுந்தது. அவர் கேட்டுக்கொண்ட கேள்விகளிலேயே அதுதான் மிகவும் சங்கடமானது. அதற்குப் பதில் தேடுவதற்குள் பெரிதாக ஒரு தும்மல் வந்துவிட்டது.

வெளியே பேச்சு நின்றது.

"உள்ள ஆளு இருக்கு!" உண்ணாமலை அத்தையின் குரல் கீச்சிட்டது. "பூட்டுன வூட்டுல ஆளு! திருடன்! திருடன்!"

கண்மூடித் திறப்பதற்குள் தெரு கூடிவிட்டது. யாரோ தடியோடு வந்தார்கள்; யாரோ கடப்பாரைக்கு ஓடினார்கள். இனிமேலும் தாமதித்தால் கதவு மிஞ்சாது என்று ராஜதுரை சன்னலைத் திறந்தார். கலைந்த தலையும் லுங்கியுமாகக் கம்பிகளுக்குப் பின்னால் நின்ற அவரைக் கண்டு, ஓங்கிய தடி அப்படியே நின்றது.

"பெரியப்பா, நான்தான்."

அங்கமுத்து பூட்டைப் பார்த்தார். கம்பிக்குப் பின்னால் நின்ற தம்பி மகனைப் பார்த்தார். அவருடைய குரல் தழுதழுத்தது. "ஒன்னய எதுக்குடா அவ பூட்டி வச்சிருக்கா? புத்திக்கு ஏதாச்சும்...?"

"ஐயோ, அதான் தம்பி அன்னைக்கி ரொட்டி வேணாம்னுச்சா" என்றார் அத்தை.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லியிருந்தால்கூட அத்தோடு முடிந்திருக்கும். ஆனால், பொய் சொன்னால் நாளைக்கும் பூட்ட வேண்டும். நாளன்றைக்கும் பூட்ட வேண்டும். ராஜதுரை கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நோவும் இல்ல. நான் தூங்குறேன் பெரியப்பா. ராத்திரி முழுக்க முழிச்சு வண்டி ஓட்டுறேன், பகல்ல தூங்கலன்னா பிரஷர் ஏறுது. பிரஷர் ஏறுனா டம்பர் கெடையாது. நோட்டு போட்டுப் பாத்துட்டேன், காட்டவா?"

"வெறும் தூக்கமா?"

"வெறும் தூக்கந்தான்."

கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது. அங்கமுத்து மட்டும் சிறிது நேரம் நின்றார். "தூங்குறத ஒரு வேலயாட்டம் சொல்றியேடா" என்று முணுமுணுத்தபடி அவரும் நடந்தார். அன்றிலிருந்து மேகலா கதவைப் பூட்டவில்லை; வெறுமனே சாத்தி வைத்தார். தெருவில் சிலர் கிண்டல் செய்தார்கள். ஒருவரும் சாத்துக்குடி வாங்கி வரவில்லை.

கார்த்திகையில், மற்ற டம்பர் ஓட்டுநர்களுக்கும் சேர்த்தே இரத்த அழுத்தம் பார்க்க மருத்துவர் குறித்த பரிசோதனை நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. ராஜதுரை விரலால் தேதியைத் தொட்டுப் பார்த்தார். சரியாகச் சி ஷிஃப்ட் வாரத்தின் நான்காம் நாள் காலை. அவருக்குப் பின்னால் நின்று பார்த்த ஜெயப்பிரகாஷ், தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துச் சென்றார்.

"மாப்ள, எனக்கு அந்த வாரம் ஏ ஷிஃப்ட்டு. மாத்திக்குவோம். ராத்திரி நல்லாத் தூங்கிட்டு வந்து கையக் குடு. முடிஞ்சதும் பழையபடி ஓட்டு. யாருக்குத் தெரியப் போவுது?"

நல்ல மனத்தோடு சொன்ன வார்த்தைதான். ராஜதுரை இரண்டு நாள் யோசிப்பதாகச் சொன்னார். ஏ ஷிஃப்டில் எண் எல்லைக்குள் வரும் என்பது நோட்டில் கண்கூடாகவே இருந்தது. சி ஷிஃப்டில் வருமா என்பதுதான் தெரியாது. ஒரு நாள் நூற்று முப்பத்தொன்பது, மறுநாள் நூற்று நாற்பத்து மூன்று என்று அது இன்னும் விளிம்பிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை ஏரிக்கரையில் நடக்கும்போது, உடன் வந்த மேகலாவிடம், அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"போன சித்திரையில, விடியக்காலம் நாலர மணி இருக்கும். லோடோட மேடேறி வளைவுல திரும்புறேன். திரும்புனது ஞாபகம் இல்ல. பாத்தா வண்டி வளைவத் தாண்டி நிக்குது. ஒரு நொடி எங்க போனேன்னு தெரியல."

மேகலா நின்றுவிட்டார். "ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா வேணாம்பியே."

இருவரும் மீண்டும் நடக்கத் தொடங்கினார்கள். பிறகு மேகலா கேட்டார்: "அப்ப, ஷிஃப்ட்டு மாத்தப் போறீங்களா?"

"மாத்துனா கையெழுத்து கெடைக்கும். ஆனா அந்த வளைவுல நான் ராத்திரிதான போவணும். அந்த நேரத்துல ஒடம்பு எப்படி இருக்குன்னு தெரியாம கையெழுத்த வச்சு என்ன செய்யிறது?" அவர் சற்றுத் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "எனக்கே தெரிஞ்சுக்கணும் போல இருக்கு மேகலா."

ஜெயப்பிரகாஷிடம் வேண்டாம் என்று சொன்னபோது, "கேள்வி கேட்டுக் கேட்டு வேலையத் தொலைக்கப் போற" என்று அவர் திட்டினார்.

அந்த வாரம் மூன்று பகலும் ராஜதுரை தூங்கினார். மும்முனை மின்சாரம் வந்துபோனது தெரியும், எழவில்லை. நான்காம் நாள் காலை, வேலை முடித்த சட்டையோடு மருத்துவ மையத்தில் அமர்ந்து கையை நீட்டினார். பட்டை இறுகியது. மருத்துவரின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்துச் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

"மேல நூத்தி முப்பத்தெட்டு. கீழ எண்பத்தாறு" என்றார் தென்றல்.

"இன்னொரு தடவ பாத்துடுங்க மேடம்."

"இப்பவுமா மெஷின் மேல சந்தேகம்?"

"இல்லைங்க. நல்லா வந்தாலும் சரியான்னு தெரியணும்ல?"

இரண்டாவது முறை நூற்று முப்பத்தாறு. தென்றல் படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டார். "கையெழுத்துப் போடுறேன். ஆனா மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது. மாசம் ஒரு தடவ வரணும். இன்னொண்ணு, விதைப்பு, அறுப்புன்னு அடுத்தவங்க நைட் ஷிஃப்ட்டெல்லாம் கேட்டு வாங்குறத இன்னையோட விட்டுடணும்."

விட்டால் கொல்லைக்குப் பகல் கிடையாது. ராஜதுரைக்கு அது நன்றாகவே தெரியும். "விட்டுடுறேன் மேடம்" என்றார்.

வெளியே பெஞ்சில், அன்று வார விடுமுறையில் இருந்த ஜெயப்பிரகாஷ் அடுத்த முறைக்காகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக் காத்திருந்தார். "என்னாச்சு மாப்ள?"

"டம்பர்தான்."

"அடி சக்க! என்ன மாத்திரை குடுத்தாங்க? பேரச் சொல்லு."

"ஆவணியில குடுத்த அதே மாத்திரைதான். தூங்குனேன், அவ்வளவுதான்."

"சொல்ல இஷ்டமில்லன்னா விடு. கிண்டல் பண்ணாத" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜெயப்பிரகாஷ் உள்ளே போனார்.

எட்டு மணிக்குப் படுக்க வேண்டியவர் அந்தப் பெஞ்சிலேயே இருந்தார். தோழரின் எண் என்னவாக இருக்கும் என்ற ஆவல் அவரைப் போகவிடவில்லை. கால்மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஜெயப்பிரகாஷ் கையில் மருந்துச் சீட்டு ஒன்றை நான்காக மடித்து வைத்திருந்தார். காலர் தூக்கவில்லை, வம்பும் இழுக்கவில்லை. ராஜதுரையும், வாழ்நாளில் முதல் முறையாக, எவ்வளவு என்று கேட்கவில்லை.

இருவரும் சைக்கிள் நிறுத்தம் வரை ஒன்றாக நடந்தார்கள். அங்கே ஜெயப்பிரகாஷ் நின்றார்.

"நெசமாவே தூங்குனியா?"

"ஆமாடா."

"எத்தன மணிக்குப் படுக்குற?"

"எட்டு மணிக்கு."

"அப்ப சோளத்துக்கு யாரு தண்ணி பாய்ச்சுனா?"

ராஜதுரை அவசரப்படாமல் யோசித்தார். அந்தக் கேள்வியை அவரே தமக்குள் பலமுறை கேட்டிருந்தார்.

"சில நாள் மேகலா பாய்ச்சுனா. சில நாள் யாரும் பாய்ச்சல. மேலண்டக் கோடியில கதிரு இந்த வருசம் கொஞ்சம் சின்னதுதான்."

ஜெயப்பிரகாஷ் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவருடைய கொல்லையிலும் அன்று ஒன்பது மணிக்கு மின்சாரம் வரும்.

"ரொம்பச் சின்னதா?" என்று கேட்டார்.

"வந்து பாரு" என்றார் ராஜதுரை. "ஆனா, மூணு மணிக்கு மேல வா."